கப்பலைக் கண்டால் கண்சிமிட்டும்

காபி நாக்கைச் சுட்டது. சுட்ட விஷயம், நாக்கில் தோல் உரிந்த பிறகுதான் கமாண்டருக்குத் தெரிந்தது.

"சார், அது இப்பதான் அடுப்புல இருந்து இறங்கினது. நீங்க பச்சத்தண்ணி மாதிரி குடிக்கிறீங்க," என்றாள் ரேடியோ. "உங்களுக்கு ஐஸ்பெட்டின்னு பேரு வெச்சவங்க தப்பு பண்ணிட்டாங்க. ஐஸ்பெட்டியைத் திறந்தா உள்ளே விளக்காவது எரியும்."

கடற்படையின் விசாரணைப் பிரிவில் கமாண்டரை முகத்துக்கு நேரே 'சார்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'ஐஸ்பெட்டி' என்பார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் துணிச்சல் அவருடைய உதவியாளருக்கு மட்டும்தான் உண்டு. அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர் வந்ததற்கும் காரணம் உண்டு. படைத்தவன் அவளுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, அணைக்கிற குமிழை மட்டும் பொருத்த மறந்துவிட்டான்.

கமாண்டர் எப்போதும் இப்படி இல்லை. சில வாரங்களுக்கு முன் கண்காணிப்பு விமானம் ஒன்று புயலில் சிக்கிக் காணாமல் போயிற்று. அதில் விமானி, கடலை நோட்டமிடும் பார்வையாளர், மெக்கானிக் என்று மூன்று பேர். வடக்குக் கடலைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டு, ஒருநாள் தேடலை நிறுத்தினார்கள். மூன்று வீட்டு வாசலிலும் போய் நின்று, "இனி இல்லை" என்று சொல்லிவிட்டு வரும் வேலை கமாண்டர் தலையில் விழுந்தது. சொன்னார். வந்தார். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையதாக இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்குமே, அன்றிலிருந்து உடம்பு முழுவதும் அவருக்கு அப்படித்தான் இருந்தது.

மேஜை மேல் தொலைபேசி அடித்தது. ரேடியோ எடுத்து, கேட்டு, வைத்தாள்.

"பெரிய தொப்பி கூப்பிடறார் சார். படம் காட்டப் போறாராம்."

*

தளத்தின் தலைமை அதிகாரிக்குத்தான் பெரிய தொப்பி என்று பெயர். தலை சிறியது; அதனால் தொப்பி பெரியதாகத் தெரிந்தது. அறையின் ஜன்னல்களை மூடி, சுவரில் படத்தை ஓடவிட்டிருந்தார்.

படத்தில் கடல். கடலும் வானமும் சேரும் கோடு. அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே, காற்றில், வெள்ளிப் பொட்டு மாதிரி ஒன்று. அதற்கு இறக்கை இல்லை, வால் இல்லை, புகை இல்லை. மினுக்கியது, அணைந்தது, மறுபடி மினுக்கியது.

"மூணு கப்பல், மூணு நாள், மூணு படம்," என்றார் பெரிய தொப்பி. "எல்லாமே நாம பீரங்கிப் பயிற்சி பண்ற தடைப் பகுதியில. மீன்பிடிப் படகு, சரக்குக் கப்பல் எதுவும் அங்கே நுழைய முடியாது. நம்ம கப்பலுக்கு மட்டும் தெரியுது. ரேடார்ல பார்த்தா ஒண்ணுமே இல்லை. என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"கூச்ச சுபாவம் உள்ள பறக்கும் தட்டு சார்," என்றாள் ரேடியோ. "தெரிஞ்சவங்களுக்கு மட்டும் முகம் காட்டுது."

பெரிய தொப்பி சிரிக்கவில்லை. அவருக்கு அது ஏறக்குறைய அதிகாரபூர்வமான கருத்து.

"முதல் கப்பல் படம் எடுத்துட்டு வந்த அன்னைக்கே உத்தரவு போட்டுட்டேன். வானத்துல அடையாளம் தெரியாத பொருளைப் பார்த்தா யாரும் கிட்டப் போகக் கூடாது. படம் எடு, திரும்பு, வந்து சேரு. அவ்வளவுதான். கேமரா வெச்ச ஹெலிகாப்டர் ஒண்ணை எப்பவும் தயாரா நிறுத்தி வெச்சிருக்கேன். அடுத்த காட்சி எப்பத் தகவல் வருதோ, அந்த நிமிஷமே கிளம்பும். என் கையெழுத்துக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். தலைநகரத்துல இருந்து இன்னைக்கு மந்திரியே படம் பார்க்க வரார்."

"எனக்கு என்ன வேலை சார்?" என்றார் கமாண்டர்.

"மூணாவது கப்பல்ல சுக்கான் பிடிச்சிருந்த ஆள். உத்தரவை மீறிக் கப்பலை அந்தப் பொருள் பக்கமா வளைச்சுட்டான். நாலு பேர் சேர்ந்து அவனைப் பிய்ச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு. ஏண்டான்னா, 'அது என்னைக் கூப்பிட்டுச்சு'ங்கறான். இப்ப ஆஸ்பத்திரியில இருக்கான். மருத்துவக் குழு நாலு மணிக்கு உட்காருது. மனநிலை சரியில்லைன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. விசாரணைப் பிரிவு சார்பா நீங்க ஒரு தடவை பார்த்து, 'ஆமாம்'னு சொல்லிட்டா முடிஞ்சுது."

"'இல்லை'ன்னு சொன்னா?"

பெரிய தொப்பி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "எதுக்கு?" என்றார், உண்மையிலேயே புரியாமல்.

*

மனநல வார்டுக்கு வெளியே, சாப்பாட்டு அடுக்கை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சீருடையைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நீங்கதான் என் வீட்டுக்காரரைப் பைத்தியம்னு எழுதப் போறவரா?"

"இல்லம்மா," என்றாள் ரேடியோ. "எழுதறவங்க வேற. நாங்க அவங்க பேனாவுக்கு மை ஊத்தறவங்க."

"அப்ப ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்குங்க." சுக்கானியின் மனைவி குரலை உயர்த்தவில்லை, அழுது முடித்த தொண்டை. "அவரைக் கடைக்கு அனுப்பினா, 'அரைக் கிலோ பாக்கெட் இல்லையாம், கால் கிலோவா ரெண்டு வாங்கட்டுமா'ன்னு கேக்கறதுக்குத் திரும்பி வீட்டுக்கு வர்ற மனுஷன். சொந்தமா ஒரு முடிவு எடுத்து நான் பார்த்ததில்லை. என்னையே அவங்க அம்மாதான் பார்த்து முடிவு பண்ணாங்க. அப்பேர்ப்பட்டவர் யாரும் சொல்லாம கப்பலைத் திருப்பினாருன்னா, அது திருப்பியே ஆக வேண்டிய விஷயமா இருந்திருக்கணும்."

கமாண்டர் தலையசைத்தார்.

"வேலை போனா வீட்டைக் காலி பண்ணச் சொல்வாங்க. அதுகூடப் பரவாயில்லை, கூலி வேலை செஞ்சு பிழைச்சுக்கலாம். பைத்தியம்னு ஒரு தடவை எழுதிட்டா, அப்புறம் அவர் தும்மினாகூட நாலு பேர் உத்துப் பார்ப்பாங்க. பிள்ளைங்களையும் பார்ப்பாங்க. அதை நினைச்சுத்தான்..." அவள் முடிக்கவில்லை. அடுக்கை நீட்டினாள். "உள்ளே விட மாட்டேங்கறாங்க. இதையாவது குடுத்துடுங்க."

அடுக்கை வாங்கிக்கொண்டார் கமாண்டர். அது இன்னும் சூடாக இருக்கிறதா, ஆறிவிட்டதா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

சுக்கானி பெரிய உடம்புக்காரர். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வட்டமாக வைத்திருந்தார், ஏதோ இன்னும் சக்கரத்தைப் பிடித்திருப்பது போல.

"சாப்பாடு," என்றாள் ரேடியோ. "உங்க வீட்டுல குடுத்தாங்க. நீங்க முடிவே எடுக்க மாட்டீங்கன்னு நற்சான்றிதழும் சேர்த்துக் குடுத்தாங்க."

சுக்கானியின் வாயோரம் லேசாக அசைந்தது. உடனே அடங்கியது.

கமாண்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அது கூப்பிட்டுச்சுன்னு சொன்னீங்களாமே. சத்தம் ஏதாவது கேட்டுச்சா?"

"இல்லைங்க சார்."

"மண்டைக்குள்ளே குரல் மாதிரி?"

"அதைத்தான் டாக்டரும் கேக்கறார். இல்லைங்க சார். மினுக்கிச்சு. அவ்வளவுதான்."

"கலங்கரை விளக்கம்கூடத்தான் மினுக்கும். அதுக்காகக் கப்பலைக் கொண்டுபோய் அதுமேல ஏத்தறதில்லையே."

"கலங்கரை விளக்கம் யாரைப் பத்தியும் கவலைப்படாது சார். நாம இருந்தாலும் இல்லாட்டாலும் அது பாட்டுக்கு மினுக்கும். இது அப்படி இல்லை." சுக்கானி சொற்களைத் தேடினார். "மூணு தடவை மினுக்கும். அப்புறம் நிக்கும். திரும்ப மூணு. திரும்ப நிக்கும். அந்த நிக்கறது இருக்கு பாருங்க... ஒரு வீட்டுக் கதவைத் தட்டிட்டு, உள்ளே காலடிச் சத்தம் வருதான்னு காதை வெச்சுக்கிட்டு நிப்போமே, அந்த மாதிரி நின்னுச்சு சார். நாங்க விலகிப் போகப் போக, நிக்கற நேரம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. கடைசியில படபடன்னு தட்டற மாதிரி ஆயிடுச்சு. எனக்குக் கை தாங்கலை. திருப்பிட்டேன்."

கமாண்டர் தன் வலது கையைப் பார்த்தார். மூன்று கதவுகளைத் தட்டிய கை. தட்டிவிட்டு, யாரும் திறக்காமல் இருந்தால் தேவலை என்று நின்றது நினைவுக்கு வந்தது. நினைவு வந்ததே தவிர, வேறு எதுவும் வரவில்லை.

"நடுவுல மேகம் ஏதாவது வந்துச்சா?"

"வந்துச்சு சார். வெயில் மறைஞ்சப்போ அதுவும் அணைஞ்சுது. வெயில் வந்ததும் வந்துச்சு."

"பாவம், வெயில்ல காயுது," என்றாள் ரேடியோ. "அவங்க கிரகத்துல மழைக்காலம் போல."

அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். நடுப்பகல். கடல் கண்ணாடி போல அசையாமல் கிடந்தது.

"அடடே, சார், இங்கே வாங்க. எதிர்க்கத் தெரியுதே குட்டித் தீவு, அது தண்ணியில இருந்து கால் எடுத்துட்டு மேலே நிக்குது!"

"காத்தில்லாத நாள்ல அப்படித்தான் தெரியும்," என்றார் கமாண்டர், எழாமலே. "கடல் மேல காத்து சூடா ஒரு அடுக்கு, குளிர்ச்சியா ஒரு அடுக்குன்னு படிஞ்சு நின்னா, தூரத்துல இருக்கறதைத் தூக்கிக் காட்டும். கானல் நீருக்குப் பங்காளி. அதுக்காகத் தீவு பறக்குதுன்னு அர்த்த..."

நிறுத்தினார். எழுந்து ஜன்னலுக்கு வந்தார். தீவு வானத்தில் மிதந்துகொண்டிருந்தது. தீவுக்கும் கடலுக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு வெளிச்சம்.

"ரேடியோ, இதைப் பறக்கும் பொருள்னு முதல்ல சொன்னது யாரு?"

"முதல் கப்பல்காரங்க சார். கடல் கோட்டுக்கு மேலே தெரிஞ்சுதுல்ல, அதனால."

"தீவும்தான் மேலே தெரியுது."

ரேடியோ தீவைப் பார்த்தாள். பிறகு கமாண்டரைப் பார்த்தாள். "அப்ப அது பறக்கலையா?"

"பறக்கலைன்னா என்ன பண்ணும்? வா, அதைத் தெரிஞ்சவங்களைக் கேப்போம்."

*

நீரோட்டங்களைக் கணக்கிடும் பிரிவின் தலைவியைத் தளம் முழுவதும் 'அத்தை' என்றுதான் அழைக்கும். இரண்டு பட்டங்களும் மூன்று கண்ணாடிகளும் வைத்திருப்பவர். ஒரு கண்ணாடி மூக்கில், ஒன்று தலையில், மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார். அவருடைய மேஜையில் ஆள் நீளத்துக்கு ஒரு திரை. அதில் கடல் முழுவதும் அம்புக்குறிகள்.

பார்த்தது என்ன பொருள் என்று கமாண்டர் சொல்லவில்லை. மூன்று கப்பல்களும் படம் எடுத்த இடங்களை மூன்று புள்ளிகளாகத் திரையில் வைத்தார். எந்தப் புள்ளி எந்த நாள் என்பதையும் சொன்னார்.

அத்தை ஒரு பார்வை பார்த்தார். "என்னத்தைத் தொலைச்சீங்க?"

"தொலைச்சோம்னு யாரு சொன்னது?"

"பின்னே? இது தெற்கு நோக்கிப் போற நீரோட்டம். ஏதாவது மிதவை அறுத்துக்கிட்டா இந்த வழியாத்தான் போகும். இதே வளைவு, இதே நிதானம். உங்க ஆளுங்கதான் மாசம் ஒண்ணு தொலைச்சுட்டு வந்து நிப்பாங்களே."

"அத்தை, இது பறக்கும் தட்டு," என்றாள் ரேடியோ.

"பெட்ரோல் தீர்ந்த பறக்கும் தட்டா? அடியே, இது போற வேகத்துக்குத் தவழ்ற குழந்தை முந்திடும். தண்ணி எந்தப் பக்கம் போகுதோ, அந்தப் பக்கம் தண்ணியோட வேகத்துலயே போறதுக்கு எதுக்குடி பறக்கணும்? சும்மா மிதந்தா போதாதா?"

கமாண்டர் குனிந்து திரையைப் பார்த்தார்.

"இதைப் பின்னாடி ஓட்ட முடியுமா? புயல் அடிச்ச நாள் வரைக்கும்."

"எந்தப் புயல்?" என்று கேட்கத் தொடங்கிய அத்தை, கேட்டு முடிக்கவில்லை. மூக்கில் இருந்த கண்ணாடியைக் கழற்றினார். தலையில் இருந்ததைப் போட்டுக்கொண்டார். விசைகளைத் தட்டினார்.

திரையில் கோடு மெல்லப் பின்வாங்கியது. வடக்கே ஏறியது. கிழக்கே வளைந்தது. பல நாட்கள் விமானத்தைத் தேடிய பகுதியின் விளிம்பைத் தொட்டு, உள்ளே நுழைந்து நின்றது.

மேஜை விசிறி மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையாட்டியது.

"ரப்பர் படகு ரேடார்ல தெரியாது," என்றார் கமாண்டர். கடைச் சரக்கின் விலை சொல்லும் குரல். "விமானத்துல இருக்கற ஒவ்வொரு உயிர்காக்கும் படகுலயும் உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடி உண்டு. கப்பலைப் பார்த்தா வெயிலைப் பிடிச்சு மூணு தடவை மினுக்கணும். பதில் வருதான்னு நிறுத்திப் பார்க்கணும். பயிற்சியில சொல்லிக் குடுப்போம்."

"அதனாலதான் கப்பல் வந்தா மட்டும் தெரியுது," என்றாள் ரேடியோ மெதுவாக. "நாம அதைப் பார்க்கலை சார். அதுதான் நம்மளைப் பார்த்திருக்கு."

"முதல் கப்பல் படம் எடுத்துட்டு அது வழியே போச்சு. அப்புறம் உத்தரவு வந்துடுச்சு. ரெண்டாவதும் மூணாவதும் பார்த்த உடனே முதுகைத் திருப்பிடுச்சு."

சொல்லி முடித்துவிட்டு அவர் காத்திருந்தார். இப்போதாவது ஏதாவது வரும், கண்ணைக் கரிக்கும் என்று. கால் மரத்துப்போனவன் தரையில் ஊன்றிப் பார்ப்பது போல ஊன்றிப் பார்த்தார். தரை இருக்கிற இடம் தெரியவில்லை.

"அத்தை, இப்ப, இந்த நேரத்துக்கு அது எங்கே இருக்கும்?"

அத்தை ஏற்கெனவே அந்தப் புள்ளியை வைத்திருந்தார்.

*

கூட்ட அரங்கின் வாசலில் பெரிய தொப்பியின் உதவி அதிகாரி மறித்தார்.

"உள்ளே மந்திரி படம் பார்த்துக்கிட்டு இருக்கார் சார். யாரையும் விடக் கூடாதுன்னு உத்தரவு."

"மீட்பு ஹெலிகாப்டர் வேணும். உயிர் போற விஷயம்."

"எங்கே?"

"தடைப் பகுதியில."

"தடைப் பகுதின்னா தலைவர் கையெழுத்து வேணுமே சார். கூட்டம் முடிஞ்சதும் கண்டிப்பா வாங்கித் தரேன். ரெண்டு மணி நேரம், மிஞ்சிப் போனா மூணு."

அவர் கெட்டவர் இல்லை. பதற்றமாகக்கூட இருந்தார். அவருக்கு உத்தரவு, அவ்வளவுதான். மூடிய கதவுக்கு அப்பாலிருந்து, பெரிய தொப்பி வெள்ளிப் பொட்டைப் பற்றி விளக்கும் குரல் கேட்டது.

கமாண்டர் திரும்பி நடந்தார். தாழ்வாரத்தின் முனையில் நின்றார்.

"மனுஷனைக் காப்பாத்தப் போகணும்னா கையெழுத்து வேணும். பறக்கும் தட்டைப் படம் எடுக்கப் போகணும்னா?"

ரேடியோவின் கண்கள் விரிந்தன. "வேண்டாம்! தகவல் வந்தாலே கிளம்பிடும்!" என்றபடி சுவரில் இருந்த தொலைபேசியைப் பிடுங்கினாள்.

"ஹலோ, கேமரா ஹெலிகாப்டரா? நாலாவது காட்சி. ஆமாங்க, வெள்ளியாத்தான். இடம் எழுதிக்குங்க." அத்தை சொன்ன எண்களை ஒப்பித்தாள். "யார் பார்த்ததா? விசாரணைப் பிரிவு கமாண்டர். எங்கே இருந்து பார்த்தாரா? நம்ம தளத்துல இருந்துதான். ஆமா, தெரியும், ரொம்பத் தூரம்தான். அவருக்குக் கொஞ்சம் கண்ணு கூர்மை. அவரும் கூட வரார். காத்தாடியைச் சுத்த விடுங்க."

வைத்தாள். "பொய் சொல்லிட்டேன் சார்."

"என்ன பொய்? அடையாளம் தெரியாத பொருள்னுதானே சொன்னே. அடையாளம் தெரிஞ்சதும் திருத்திக்கலாம். நீ ஆஸ்பத்திரிக்குப் போ. நான் வர்ற வரைக்கும் மருத்துவக் குழு எழுதக் கூடாது."

"எப்படி நிறுத்தறது?"

"பேசு."

"அவ்வளவுதானா?" என்றாள் ரேடியோ. "நாளைக்கு வரைக்கும் நிறுத்தறேன்."

*

ஹெலிகாப்டரை ஓட்டியவர் கட்டுப்பாடான மனிதர். புள்ளி போல வெள்ளி தெரிந்ததும் வேகத்தைக் குறைத்தார்.

"இதுக்கு மேலே கிட்டப் போகக் கூடாது சார். உத்தரவு."

"போங்க," என்றார் கமாண்டர்.

"எழுத்துல யாராவது குடுத்தா..."

"ஆஸ்பத்திரியில நாலு மணிக்கு ஒருத்தரைப் பைத்தியம்னு எழுதப் போறாங்க. என் பேரையும் அதுலயே சேர்த்துக்கச் சொல்லுங்க. இப்பப் போங்க."

ஓட்டுநர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் வாதாடியிருப்பார். ஒன்றுமே இல்லாததால் போனார்.

மேலிருந்து பார்த்தபோது அது வானத்தில் இல்லை. தண்ணீரில் இருந்தது. நிறம் வெளுத்த ரப்பர் படகு. அதன் மேல் வெள்ளித் தாள் போர்வை. போர்வைக்கு வெளியே ஒரு கை. மூன்று மினுக்கல். நிறுத்தம். மூன்று மினுக்கல். நிறுத்தம்.

"முன் விளக்கை மூணு தடவை போட்டு அணைங்க," என்றார் கமாண்டர்.

போட்டார்கள். பதில் போய்ச் சேர்ந்தது. கண்ணாடி அதன் பிறகு மினுக்கவில்லை. அந்தக் கை, பிடித்திருந்ததை விட்டுவிட்டு, படகின் விளிம்பில் அப்படியே படிந்தது.

ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கிய வீரன் காதுக்கருவியில் பேசினான்: "ரெண்டு பேர் உயிரோட இருக்காங்க சார். விமானி, மெக்கானிக். மூணாவது ஆளைப் போர்வைக்குள்ளே சுத்தி வெச்சிருக்காங்க."

கமாண்டர் மறுபடி கேட்கவில்லை. பார்வையாளரின் வீடு நினைவில் வந்தது. அங்கே அவர் சொன்ன செய்தி, சொன்ன அன்றைக்குப் பொய். இன்றைக்கு உண்மை. அதே வாசலில் போய், அதே செய்தியை, இரண்டாம் தடவை சொல்ல வேண்டும்.

*

ஆஸ்பத்திரி வாசலில் ரேடியோ காத்திருந்தாள். குரல் கம்மியிருந்தது.

"குழு இன்னும் எழுதலை சார். சுக்கானிக்குச் சின்ன வயசுல வந்த அம்மைல இருந்து ஆரம்பிச்சு, நாலாங்கிளாஸ் வரைக்கும் வந்திருந்தேன். தகவல் வந்ததும் பெரிய டாக்டர் எழுந்து போயிட்டார். அப்புறம், பெரிய தொப்பி மந்திரி பக்கத்துல நின்னு பத்திரிகைக்காரங்களுக்கு அறிக்கை குடுத்துட்டார். 'தளராத தேடலுக்குக் கிடைத்த வெற்றி'ன்னு. உங்களையும் பக்கத்துல வந்து நிக்கச் சொன்னார்."

"அப்புறம் பார்க்கலாம்."

தள்ளுவண்டியில் விமானி கிடந்தார். உதடுகள் வெடித்து, முகம் பாதியாகச் சுருங்கியிருந்தது. மெக்கானிக்கை முதலில் உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். கமாண்டர் குனிந்தபோது விமானி கண் திறந்தார்.

"ஒண்ணு கேக்கலாமா சார்?"

"கேளுங்க."

"மூணு கப்பல் வந்துச்சு. எங்களைப் பார்க்கலைன்னா மனசு ஆறியிருக்கும். பார்த்துச்சு. ரெண்டாவது கப்பல் எங்களுக்காகவே வேகத்தைக் குறைச்சுது. மெக்கானிக் அழுதுட்டான். அப்புறம் அது அப்படியே முதுகைக் காட்டிட்டுப் போயிடுச்சு." மூச்சு வாங்கினார். "அன்னையில இருந்துதான் பார்வையாளர் தண்ணி வேண்டாம்னுட்டார். 'நாம செத்துட்டோம்ப்பா. அதான் அவங்க கண்ணுக்கு நாம மனுஷங்களாத் தெரியலை'ன்னார். நானும் பாதி நம்பிட்டேன். எதுக்கு சார் திரும்பிப் போனாங்க?"

தாழ்வாரத்தில் நர்ஸ் ஒருத்தி ஓடினாள். எங்கோ தட்டு விழுந்தது. பெரிய தொப்பியின் அறிக்கையில் இதற்கு ஒரு நல்ல பதில் இருக்கும். நாளைக் காலையில் அச்சாகி வரும். கமாண்டர் அதற்காகக் காத்திருக்கவில்லை.

"உங்களை வானத்துல பறக்கற ஏதோ ஒண்ணுன்னு நினைச்சுட்டோம். அப்படிப் பார்த்தா கிட்டப் போகக் கூடாதுன்னு உத்தரவு."

"உத்தரவா?"

"ஆமா."

விமானி அதை மெல்ல யோசித்தார். யார் போட்ட உத்தரவு, எதற்கு என்று கேட்கவில்லை. பல வருடம் சீருடை போட்டவர்.

"உத்தரவுன்னா சரி சார்," என்றார் கடைசியில். "நானா இருந்தாலும் திரும்பித்தான் போயிருப்பேன்."

கமாண்டர் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கம்பி சில்லென்று இருந்தது. அது சில்லென்று இருப்பது அவருக்குத் தெரிந்தது.

"ஆனா மூணாவது கப்பல் மட்டும் கொஞ்ச நேரம் எங்க பக்கம் மூக்கைத் திருப்பிச்சு சார். அதை வெச்சுத்தான் மறுபடி கண்ணாடியைக் கையில எடுத்தேன். அது என்ன, ஏதாவது இயந்திரக் கோளாறா?"

"இல்லை. சுக்கான் பிடிச்சிருந்தவர் திருப்பினார்."

"உத்தரவு இல்லாமலா?"

"இல்லாம."

"இப்ப எங்கே இருக்கார்?"

"இங்கேதான். மனநல வார்டுல. பைத்தியம்னு எழுதறதா இருந்தோம்."

விமானி தலையைத் தாழ்வாரத்தின் பக்கம் திருப்பினார்.

"அவருக்குப் பக்கத்துக் கட்டில் காலியா இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க சார்."

கமாண்டர் கேட்கப் போனார்.